கோடு போடாத அத்தான்

என் அக்காள் புருஷன் தம் ஆயுளில் ஒரு தப்பும் செய்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார், யாரும் கேட்காமலேயே. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் பட்டப்பகலில், நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தவர், வீட்டு முன்னால் இருந்த சாக்கடைக்குள் இடுப்பு வரை இறங்கிவிட்டார். நாங்கள் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினோம். மேலே ஏறியதும் வேட்டியைப் பிழிந்துகொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த லோங்காங்கை இங்க வெட்டினவன் யாரு?" என்பதுதான். அந்தச் சாக்கடை அவர் பிறப்பதற்கு முன்பே அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் இந்த மண்ணைவிட்டு அசையவே மாட்டான் என்று ஊரெல்லாம் அடித்துப் பேசியவர் அவர். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிய அன்று, கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை. ஊரே பயந்துபோய்க் கிடந்த நேரத்தில் இவரோடு மல்லுக்கு நிற்க யாருக்கு மனசு வரும்? தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அத்தானுக்கு அது போதும்.

அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்த அக்காள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டில் எது நடந்தாலும் பழியை வேறு யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அத்தான் காப்பியைத் தட்டிவிட்டால், "நான்தான் ஓரமா வச்சிட்டேன்" என்பாள் அக்காள். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்த் தெருவே சிரித்தால், சட்டையைத் துவைத்த நான் காரணம். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். அடுத்த வீட்டுப் பூனையும் தன் பங்குக்குப் பல தடவை உதவியிருக்கிறது. வாசல் பெருக்குவதற்கு முறை வைப்பதுபோல எங்கள் வீட்டில் பழி சுமப்பதற்கு முறை இருந்தது. பழி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் அத்தான் தங்கமான மனிதர். தப்பைத் தாமே சரிசெய்து, பழி சுமந்தவரை மன்னித்தும் விடுவார்.

வேலை தெரியாதவரா என்றால் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுப்பார். கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு பக்கவாட்டில் நிற்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்து ஒரு மயிரிழை திருப்புவார். கரகரவென்று இருமிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அமைதியாகும். எந்த நேரத்தில் எந்தப் பிளக்கில் பொறி விழவேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அந்த டிஸ்ட்ரிபியூட்டர்தான். அதன் டைமிங் கொஞ்சம் பிசகினாலும் வண்டி இழுக்காது, கொதிக்கும், வெடிக்கும். ஊரில் மற்ற ரிப்பேர்காரர்கள் அதைக் கழற்றும் முன்னால் சாக்குக்கட்டியால் எஞ்சின்மேலும் அதன்மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். உள்ளே சுற்றுகிற முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் குறித்துக்கொள்வார்கள். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேர்த்தால் முடிந்தது வேலை.

அத்தான் கோடு போடமாட்டார். கோடு போடுகிறவன் சந்தேகப்படுகிறவன் என்பது அவர் சித்தாந்தம்.

"பொண்டாட்டி மூஞ்சியில அடையாளம் வச்சா வீட்டுக்கு வர்றோம்?" என்பார். அக்காள் உள்ளே தலையில் அடித்துக்கொள்வாள்.

பல நேரம் கோடில்லாமலேயே சரியாக உட்கார்ந்துவிடும். அதுதான் அவரைக் கெடுத்தது. உட்காராத நேரங்களுக்கு அவரிடம் எப்போதும் ஒரு காரணம் இருந்தது. கிள்ளானிலிருந்து ஒரு சீன முதலாளி காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார், சண்டைக்கு முந்திய காலத்தில். அத்தான் டைமிங் வைத்துக் கொடுத்தார். பாதி வழியில் கார் பானைபோலக் கொதித்து நின்றுவிட்டது. முதலாளி லோரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து இறங்கியபோது அத்தான் அசரவே இல்லை. "கிள்ளான் ரோட்டுல போகும்போது எதிர்க்காத்து தவுக்கே. வரும்போது பாருங்க, பறக்கும்," என்றார். அந்த மனுஷர் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான் காலத்தில் அந்த வேலை நின்றுபோய், நாங்கள் இரண்டு பேரும் அக்காள் வீட்டுக்கே வந்து ஒண்டிக்கொண்டோம். ஊபி என்கிற மரவள்ளிக்கிழங்கை அவித்தும் வறுத்தும் இடித்தும் தின்று நாக்கு மரத்துப்போன காலம் அது. பசியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எஸ்டேட்களில் கூலிக்காரர்களை லயம் லயமாக, வரிசை வீடு மொத்தமாக, ஏற்றிப்போனார்கள். டவுனிலும், இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்துக் கதவைச் சாத்திக் கொண்டுபோனதாகப் பேச்சு. போனவர்கள் திரும்பி வந்ததாக மட்டும் யாரும் பேசவில்லை.

அத்தானின் கொட்டகையில் ஜப்பான்காரர்களின் லோரிகள் ரிப்பேருக்கு வந்தன. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள எழுத்து போட்ட ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். பட்டை கட்டியவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள். அத்தான் தாமே போய்ப் பேசி என் வீட்டுக்காரருக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் அவர் விடவில்லை, சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவார். அந்தத் துணி என் வீட்டுக்காரர் கையில் இருக்கிற வரைக்கும் அவர் என்னோடு இருப்பார். தினமும் சாயங்காலம் நானே அதைத் துவைத்து அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். தாலியைக்கூட அவ்வளவு பத்திரமாக நான் பார்த்துக்கொண்டதில்லை.

பெட்ரோல் இல்லாததால் லோரிகளின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அதில் வருகிற வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்கு விட்டு ஓட்டினார்கள். கரிவாயு சோம்பேறி, மெதுவாகத்தான் பற்றும். அதனால் பொறியைக் கொஞ்சம் முன்னதாகவே விழவைக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அத்தானின் காதுக்குத் தெரிந்திருந்தது. ஜப்பான்காரர்களே மெச்சினார்கள். மெச்சியதும் அவருக்குத் தலை கால் புரியவில்லை. குனிந்து கும்பிடு போடுவதில் அவர்களையே மிஞ்சினார்.

அவர்களில் ஒரு சார்ஜெண்ட் இருந்தான். குட்டையான ஆள். சிரிக்கவும் மாட்டான், சத்தமும் போடமாட்டான். நேராகக் கன்னத்தில்தான் பேசுவான். ஒரு காலையில் ஒரு பழைய அமெரிக்க லோரியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டு, சாயங்காலத்துக்குள் ஓடவேண்டும் என்று உடைந்த மலாயில் சொல்லிவிட்டுப் போனான்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆடிக்கொண்டிருந்தது. கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் சாக்குக்கட்டியோடு பக்கத்தில் போனார்.

"அண்ணே, ஒரு கோடு போட்டுக்கலாமாண்ணே?"

"எதுக்கு?"

"சும்மா, ஒரு அடையாளத்துக்கு."

"தம்பி, உனக்கு ஞாபகமறதி இருந்தா நீ உன் நெத்தியில போட்டுக்க."

நான் உரலில் ஊபி இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கையை வேறு எங்காவது போட்டால் தேவலை என்று இருந்தது.

அத்தான் கழற்றி, புஷ் மாற்றி, பாயிண்டைத் தேய்த்துத் துடைத்து வைத்தார். இடையில் எதற்கோ ஹேண்டிலைப் போட்டு எஞ்சினையும் சுற்றிவிட்டார். பிறகு எஞ்சின் சக்கரத்தில் இருக்கிற குறி மேலே வருகிற மாதிரி நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, ஒரு தட்டுத் தட்டினார். "முடிஞ்சிச்சு," என்றார்.

அடுப்பை மூட்டி, வாயு வந்ததும், என் வீட்டுக்காரர் ஹேண்டிலைச் சுற்றினார். டுமீல் என்று ஒரு வெடி. குழாய் கழன்று விழுந்தது, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். இன்னொரு தடவை சுற்றினார். இன்னொரு வெடி. கரி ஈரம் என்றார் அத்தான். கரியை மாற்றினார்கள். பாட்டரி கிழடு என்றார். அதற்குப் பிறகு சுற்றுகிறவனுக்குச் சுற்றத் தெரியவில்லை. காலையில் நல்ல நேரத்தில் ஆரம்பிக்கவிடாமல் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்ட அக்காளும் ஒரு காரணம்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்கும் பிறகு சொல்லி விளங்கவைத்தார். எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு தடவை. ஒரு தடவை உள்ளே அடைபட்ட வாயு நெருக்கிக்கொண்டிருக்கும், பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்தால் புஸ்ஸென்று தள்ளும். பொறி அப்போதுதான் விழவேண்டும். இன்னொரு தடவை எரிந்த புகை வெளியே போய்க்கொண்டிருக்கும். அப்போது விழுந்தால் வெடிதான். இரண்டு தடவையும் சக்கரத்துக் குறி ஒரே இடத்தில் வந்து நிற்கும். அத்தான் விரலை வைத்துப் பார்க்காமல் இரண்டாவதில் மாட்டிவிட்டார். தூக்கி, அரைச்சுற்று திருப்பி இறக்கினால் போதும்.

"அண்ணே, குறி ரெண்டு தடவை வரும்ல..." என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"எனக்கே பாடமா? துறைமுகத்துல அரிசி மூட்டை ஏத்தினவனுக்கு எஞ்சின் தெரியுமா?" கந்தல் துணியை விசிறி எறிந்துவிட்டு அத்தான் போய் ஒரு டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. லோரி ஓடாவிட்டால் சார்ஜெண்ட் பட்டையை அவிழ்ப்பான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் கையிலிருந்தும் அவிழ்ப்பான்.

அக்காள் தேத்தண்ணியோடு வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள்.

"நீங்க சரியாத்தான் மாட்டியிருப்பீங்க. சாப்பிட வந்தீங்கல்ல, அந்த நேரத்துல யாரோ கை வச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

யாருடைய முறை? பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டார்கள். நான் எஞ்சினைத் தொட்டேன் என்றால் நம்புவதற்கு இல்லை. பூனையால் ஆகிற காரியமும் இல்லை.

"நான்தாண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். "தூசி துடைக்கலாம்னு லேசா தூக்கிட்டேன்."

அத்தானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த வானம்போலத் தெளிந்துவிட்டது. எழுந்து வந்தார். ஆள் இல்லாத நேரத்தில் அடுத்தவன் வேலையில் கை வைப்பது எவ்வளவு பெரிய துரோகம் என்று தெரு முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டம் திட்டினார். திட்டிக்கொண்டே முதல் பிளக்கைக் கழற்றி, கட்டைவிரலை வைத்து, ஹேண்டிலைச் சுற்றச்சொல்லி, விரல் தள்ளியதும் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச்சுற்று திருப்பி இறக்கினார். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. காதைக் கொடுத்து மயிரிழை திருப்பினார். தையல் மிஷின்போல ஓடியது. அக்காள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் சார்ஜெண்ட் உள்ளே வந்தான். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். வெடிச் சத்தம் அவர்கள் முகாம் வரைக்கும் கேட்டிருக்கிறது. யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்து ஓடி ஒளிந்திருப்பார்கள்போல, அவன் சட்டையெல்லாம் மண். எங்களை வரிசையாக நிற்கவைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை.

"சியாப்பா சாலா?" என்று கேட்டான். யார் தப்பு என்று மலாயில் அர்த்தம்.

அத்தான் கரி என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் காலையிலிருந்து கரியைத்தானே வைதுகொண்டிருந்தார்! பாட்டரி என்று சொல்லியிருக்கலாம். எதிர்க்காற்று என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அந்த மனுஷருக்குச் சொல்லத் தெரியாத காரணமா? ஆனால் அந்தக் கேள்விக்கு அத்தானின் கை அவருக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் விரல் என் வீட்டுக்காரர் பக்கம் நீண்டுவிட்டது.

சார்ஜெண்ட் அறைந்தான். பட்டையைப் பிடித்து இழுத்தான். அவிழ்ந்துவிடக்கூடாது என்று தினமும் காலையில் நான் இறுக்கித் தைத்துவிடுவேன், சட்டைக் கையோடு சேர்ந்து கிழிந்து வந்தது. "மாஸ்டர், மாஸ்டர்," என்று அத்தான் குனிந்து குனிந்து என்னவோ சொல்லப்பார்த்தார். அவருக்கும் ஒன்று விழுந்தது. நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தேன். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என்னைத் தள்ளினான். அவரை அதே லோரியில் ஏற்றினார்கள்.

லோரி கிளம்பியது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. அத்தனை துல்லியமான டைமிங். அது தெருமுனை திரும்புகிற வரைக்கும் அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் அறியாமல் செய்ததுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காதைத் திருகிப் பிய்த்து எடுத்திருந்தாலும் என் ஆத்திரம் அடங்கியிருக்காது.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் என் கண்ணில் படாமல் சாப்பிட்டுப் போனார். வெளியே மட்டும் பேச்சு குறையவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "நல்ல பையன். ஆள் இல்லாத நேரத்துல கை வச்சிட்டான், என்ன செய்றது," என்பார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு போக்கிடம் எனக்கு இல்லை.

ஆனால் ஒரு நாள் கொட்டகைப் பக்கம் போனபோது பார்த்தேன். ஒரு லோரி எஞ்சினில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காருகிற இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு.

"இது என்ன அத்தான்?" என்று கேட்டேன்.

"இப்ப வர்ற எஞ்சின் எல்லாம் ஏமாத்துதுலா. நம்ப முடியல," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதம் கழித்துச் சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் நானும் அக்காளும் ஸ்டேஷனுக்குப் போனோம். அத்தானும் வருவார், எங்களுக்குப் பின்னால் எட்டத்தில் நிற்பார். ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் இறங்கினார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைக் கூப்பிட்டார். முன் பல் இல்லை. வலது கால் முட்டிக்குக் கீழே சாக்குத் துணியால் சுற்றியிருந்தது. பக்கத்தில் போனால் அந்தக் காலிலிருந்து நாற்றம் அடித்தது. நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தான் முன்னால் வந்தார். ஏதாவது சொல்வார், இன்றைக்காவது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னார்.

"இனிமே ஆள் இல்லாதப்ப எதுலயும் கை வைக்காத தம்பி."

எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன். "அவரு கை வைக்கவே இல்ல!" என்று கத்தினேன். ஸ்டேஷனில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "யாரும் தொடல. நீங்கதான் மாத்தி மாட்டினீங்க. நீங்க மாட்டினதுக்கு இவரு பழியை ஏத்துக்கிட்டாரு, நீங்க அவரையே காட்டிக்குடுத்தீங்க!"

அத்தான் இரண்டு அடி பின்னால் போனார். நான் அவரை அப்படிப் பார்த்ததே கிடையாது. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். ஒரு பச்சைப்பிள்ளை பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"வச்சேண்ணே," என்றார் என் வீட்டுக்காரர். "தூசி துடைக்கப்போயி தூக்கிட்டேன். அவளுக்குத் தெரியாது."

அத்தானுக்கு மூச்சு வந்தது. என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். மூட்டையைத் தாமே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டில் வெந்நீர் வைத்து, அவர் காலை என் மடியில் வைத்துத் துணியைப் பிரித்தேன். எலும்பு தெரிந்தது. வேப்பிலைத் தண்ணீரால் கழுவக் கழுவ அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அவருக்குத் தெரியும் புள்ள. அன்னைக்கே தெரியும். நானும் இல்லேன்னு சொல்லியிருந்தா அங்கேயே உக்காந்திருப்பாரு. அப்புறம் எந்திரிச்சிருக்கவே மாட்டாரு."

"உக்காரட்டுமே," என்றேன். "நான் பாக்கணும்."

அவர் காலை மடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அத்தான் நெடுங்காலம் இருந்தார், தெம்பாகவே இருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை.